மூக்கை நலம் விசாரித்தவன்

என் தங்கை காவேரியின் கணவர் உதயகுமார் மைசூரில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின் பரிமாறுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே ஓட்டல்தான். ஆனால் இன்றுவரை ஒரு மிடறு ஒயின்கூட அவர் தொண்டைக்குள் இறங்கியதில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொந்தக்காரர்களே விசேஷ வீடுகளில் என்னை ஓரமாக இழுத்துப்போய், "நெசமாவே உங்க மாப்பிள்ளை குடிக்கறதில்லீங்களா?" என்று கேட்பார்கள். "அவரு குடிக்கறவரா இருந்தா நானெதுக்கு இத்தனை நாளா தனியாக் குடிக்கறேன்?" என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

ஹனூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமம் அவருடையது. அப்பா சாராயத்தில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு அம்மா மகனை மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போய், எரிகிற சூடத்தின் மேல் கையை நீட்டச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிட்டாள். பத்தாவது படிக்கிற பையன். அடுத்த வருடமே பிழைக்க மைசூருக்கு வந்தான். கிடைத்த வேலை ஓட்டல் பாரில் கண்ணாடிக் கோப்பை கழுவுவது. மாதேஸ்வரனுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு போலிருக்கிறது.

கழுவுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையையும் மோந்து பார்க்கிற பழக்கம் அங்கேதான் வந்தது. சத்தியம் நாக்குக்குத்தான், மூக்குக்கு யாரும் வாங்கவில்லை என்பது அவர் வாதம். கோப்பை கழுவினவர் மேஜை துடைத்தார், தட்டு எடுத்தார், பிறகு கறுப்புக் கோட்டுப் போட்ட கேப்டன் ஆனார். வேகமாக உயர்ந்தார் என்று சொல்ல மாட்டேன். அதற்குள் எனக்கு முடி நரைத்துவிட்டது. நான் டயர் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவன். ரப்பர் நாற்றத்திலேயே ஆயுளைக் கழித்த என் மூக்குக்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அதனால் அவருடைய மூக்குப் பெருமையைக் கேட்க எனக்கு ஒருநாளும் பொறுமை இருந்ததில்லை. மைசூர் விஜயநகரில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் வாழ்க்கையில் பெரிய விஷயம் என்று ஒன்று நடந்ததென்றால் அது ரெனே மர்வெயாக் வந்ததுதான். மனைவி இறந்த துக்கத்தில் ஊர் சுற்றக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர். ஆடி மழையில் மைசூருக்கு வந்தவர் காய்ச்சலில் அந்த ஓட்டலிலேயே படுத்துவிட்டார். மாப்பிள்ளைதான் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து மாடிக்கு எடுத்துப்போனார். காய்ச்சல் விட்டதும் கிழவர் தன் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தெற்குப் பிரான்சில் ஒரு மலையடிவாரத்தில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. அப்பனும் பிள்ளையுமாக நான்கு தலைமுறையாக அவர்களே பயிரிட்டு, அவர்களே பிழிந்து, அவர்களே அடைத்து விற்கிற சிவப்பு ஒயின் அது. வெளியில் ஒரு பழம் வாங்கியதில்லையாம். பாட்டிலின் மேலும் மர்வெயாக் என்ற குடும்பப் பெயர் மட்டும்தான்.

குடி என்றார் கிழவர். மாப்பிள்ளை சத்தியத்தைச் சொன்னார். சரி, மோந்தாவது பார் என்றார். மாப்பிள்ளை கோப்பையைச் சாய்த்து மோந்துவிட்டு, கூடையில் வெயிலில் வைத்த நாவற்பழம், அதற்குப் பின்னால் நொச்சி இலை என்றார். கிழவருக்கு இரண்டுமே என்னவென்று தெரியாது. மறுநாள் தேவராஜா மார்க்கெட்டில் நாவற்பழம் வாங்கி, எங்கள் தெருமுனை வேலியில் ஒரு கொத்து நொச்சியும் பறித்துக்கொண்டு போனார் மாப்பிள்ளை. கிழவர் பழத்தைத் தின்று, ஊதாவாகிப்போன நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்துச் சிரித்தாராம். நொச்சியைக் கசக்கி மோந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். எங்கள் மலைப் புதரின் வாசம் இது, அங்கே வராமலே உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாராம்.

அடுத்த அறுவடைக்கு டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார். மாப்பிள்ளை போனார், பழம் பறித்தார், முதுகுவலியோடு திரும்பி வந்தார். அங்கே ஒவ்வொரு கொடி வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச் செடி இருக்குமாம். கொடிக்கு நோய் வருமுன் ரோஜாவில் தெரிந்துவிடும் என்பதற்காக வைப்பது. மர்வெயாக் குடும்பம் அதோடு தன் வழக்கம் ஒன்றையும் சேர்த்திருந்தது. வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் புதிதாக ஒரு ரோஜா நடுவார்கள், அந்த வரிசைக்கு அந்தப் பிள்ளையின் பெயர் வைப்பார்கள். மாப்பிள்ளை கிளம்புகிற அன்று கிழவர் ஒரு கன்றைக் கொண்டுவந்து, மாப்பிள்ளை பறித்த வரிசையில் நட்டு, மாப்பிள்ளை மகளின் பெயரை வைத்துவிட்டார். வினிதா வரிசை. மாப்பிள்ளை பையிலிருந்த மாதேஸ்வரன் மலைத் திருநீற்றை அந்தச் செடியின் அடியில் போட்டுவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து ரெனே அவருக்கு அண்ணன். "வெள்ளக்கார அண்ணன் வினிதாவுக்கு என்ன சீர் செய்வாராம்?" என்று கிண்டல் செய்தேன். "செஞ்சாச்சுங்க மச்சான். எம் பொண்ணு பேர்ல அங்க ஒரு வரிசை இருக்குதுங்க" என்றார்.

ஓட்டலில் சொல்லி அந்த ஒயினை வரவழைக்க வைத்தார். வருடா வருடம் தை மாதத்தில் மர்வெயாக் விருந்து என்று ஒன்று நடக்கும். டாக்டர்கள், வக்கீல்கள், எஸ்டேட்காரர்கள் எல்லாம் குடும்பத்தோடு வருவார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று, அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது, ரோஜா எதற்கு, பழத்தை எப்படிக் கையால் பறிக்கிறார்கள் என்று சொல்லுவார். கடைசியில் ஒன்று சொல்லுவார்: "நான் குடிக்கறவன் இல்லை. ஆனா அந்த மண்ணுல நடந்திருக்கேன். இந்த பாட்டிலுக்கு நான் பொறுப்பு." குடிக்காத மனுஷனின் வாய்ச்சொல்லை நம்பி அத்தனை பேர் குடித்தார்கள். அவரிடம் வேறு சொத்து கிடையாது. அந்தச் சொல்தான் அவர் சம்பாதித்தது.

கிழவர் இறந்த சேதி வந்தபோது மாப்பிள்ளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய், பச்சிமவாகினிப் படித்துறையில் மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டு முழுக்குப் போட்டு வந்தார். ஓட்டல் மேனேஜர் அதிர்ந்துபோனார். நானும்தான். "அந்த ஊர்ல யாருக்குங்க மாப்ளே இதெல்லாம் புரியும்?" என்று கேட்டேன். "புரியறதுக்கா செய்யறது? அண்ணனுக்குச் செய்யாம வேற யாருக்குங்க செய்வேன்?" என்றார். கிழவரின் மகன் மத்தியாஸ் வீடியோ அழைப்பில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்து எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டானாம். பிறகு, இனி நீதான் என் சித்தப்பா என்றானாம். தோட்டம் அவன் கைக்குப் போயிற்று. விருந்தும் விற்பனையும் முன்பு போலவே நடந்தன.

கொரோனா இரண்டாம் அலையில் மாப்பிள்ளை படுத்து எழுந்தார். உயிர் தப்பியது, மூக்கு போயிற்று. சட்டியில் கருகுவது தெரியாது, சாக்கடை தெரியாது. காவேரி ரசம் தாளித்தால் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்கிற மனுஷன், தட்டில் வைத்த பிறகும் என்ன குழம்பு என்று கேட்டார். பெங்களூர் வரை போய் டாக்டரைப் பார்த்தார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மாப்பிள்ளை மத்தியாஸிடம் போனில் அழுதுவிட்டார். இனி எப்படி உன் ஒயினுக்கு நான் பேசுவேன் என்று கேட்டார். என் அப்பாவின் ஒயினை நீ மோந்துதான் தெரிந்துகொள்ள வேண்டுமா, உன் மூக்கு இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்றானாம் அவன்.

அதிலிருந்து மத்தியாஸ் கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வி அதுதான். மூக்கு எப்படி இருக்கிறது? நலமா என்றுகூடக் கேட்க மாட்டான். நேராக மூக்குக்கு வந்துவிடுவான். மாப்பிள்ளைக்கு அதில் அப்படியொரு பெருமை. "எங் கூடப் பொறந்தவங்க ஒருத்தரும் கேக்கறதில்லை. மச்சான், நீங்ககூட ஒருநாளும் கேட்டதில்லை. எங்கியோ இருக்கற பையன் மறக்காமக் கேக்கறான்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. போய்விட்ட மூக்கைத் தினம் தினம் விசாரிப்பானேன் என்று நானாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை வினிதாவின் ரோஜா பூத்திருக்கிற போட்டோவையும் அனுப்புவான். காவேரி ஒரு படத்தைச் சட்டம் போட்டுச் சாமி அலமாரியில் மாதேஸ்வரனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வினிதா மைசூரில் பிறந்து வளர்ந்த பெண். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்கு வாயில் வரும். "அம்மா, ரோஜாக்கு யாராவது பூஜை மாட்தாரா?" என்று சிரிப்பாள். ஆனால் கல்லூரித் தோழிகளிடம், பிரான்சில் என் பெயரில் தோட்டம் இருக்கிறது என்று அளந்துவிட்டு வந்தவளும் அவள்தான்.

இரண்டு விருந்துக்கு முன்னால் ஹேமந்த் என்ற கண் டாக்டர், வருடா வருடம் வருகிறவர், கோப்பையை வைத்துவிட்டு, உதயா, இது பழைய மாதிரி இல்லையே என்றாராம். மாப்பிள்ளை மத்தியாஸைக் கேட்டார். அந்த வருடம் வெயில் அதிகம், அப்படித்தான் இருக்கும் என்றான். மாப்பிள்ளை டாக்டரிடம் போய், "வெயில் சார். அந்த வீட்டு வேலிக்குள்ள நான் இருந்திருக்கேன். என்னை நம்புங்க" என்றார். டாக்டர் நம்பினார். மாப்பிள்ளை பேச்சை யாரும் தட்ட மாட்டார்கள்.

போன மார்கழியில் மூக்கு திரும்பி வந்தது. நகரப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கடை தோண்டிப் போட்டிருந்த இடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, இவர் மட்டும் நின்று சிரித்துக்கொண்டே மூச்சை இழுத்திருக்கிறார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அங்கிருந்தே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, காவேரியின் தலைமுடியை மோந்து, துவைத்த துணியை மோந்து, என்னைக் கூப்பிட்டு என் சட்டையையும் மோந்தார். "மச்சான், நேத்து குடிச்சிருக்கீங்க" என்றார். அப்போதுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது.

ஆனால் மத்தியாஸிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டார். தை விருந்துக்கு அவனே நேரில் வருகிறான். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது. அவன் கண்ணெதிரே அவன் அப்பாவின் ஒயினைத் திறந்து மோந்து, நாவற்பழம் என்று சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் அவன் போனில் மூக்கைக் கேட்டபோது, அப்படியேதான் இருக்கிறது என்று பொய் சொன்னார். பொய் சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

விருந்தன்று மத்தியானம் மத்தியாஸ் வந்தான். உயரமான, மெலிந்த, மரியாதை தெரிந்த பையன். வாசலில் தானாகவே ஷூவைக் கழற்றினான். காவேரிக்குக் கைகூப்பினான். சாமி அலமாரியில் ரோஜாப் படத்தைப் பார்த்தவன் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். வெள்ளைக்காரனுக்கு நம் சாமியெல்லாம் பார்க்கக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரிசிம்பருப்பு சாதமும் நாட்டுக்கோழிக் குழம்பும் வயிறாரச் சாப்பிட்டான்.

சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை ஓட்டலிலிருந்து கொண்டுவந்திருந்த பாட்டிலை எடுத்தார். அன்று இரவு விருந்தில் ஊற்றப்போகிற அதே சரக்கு. அந்த வீட்டுக்குள் பாட்டில் திறப்பது அதுதான் முதல் தடவை என்பதால் காவேரி போய்ச் சாமி அலமாரியின் திரையை இழுத்து மூடினாள். மாப்பிள்ளை கோட்டுப் போடாமல் வேட்டியோடு நின்று, ஓட்டலில் திறப்பதுபோலவே துடைத்துத் திறந்து, கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றினார். முகம் முழுக்கச் சிரிப்பு. மோந்தார். இன்னொரு முறை சுழற்றி மோந்தார். மூன்றாம் முறை மோந்தபோது சிரிப்பு இல்லை.

"வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்து அடுப்படிக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்துகொண்டிருந்தார். அதை மூடிவிட்டுக் காப்பித்தூள். பிறகு ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி மோந்தார்.

"என்னாச்சுங்க மாப்ளே?"

"மூக்கு மறுபடியும் போயிருச்சோன்னு பாத்தேனுங்க" என்றார் தணிந்த குரலில். "போகலை. எல்லாம் சரியா வருது. பெருங்காயம் பெருங்காயமா வருது மச்சான். அதுதான் அதுவா வரலை."

அது பாட்டிலின் கோளாறாக இருக்கும், வெயிலாக இருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை. தன் மூக்கு பொய் சொல்ல வேண்டும் என்று ஒரு மனுஷன் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கூடத்துக்குத் திரும்பினோம். மத்தியாஸ் அன்பாக நிமிர்ந்து பார்த்து, மூக்கு எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டான். மாப்பிள்ளை, அப்படியேதான் என்றார். அவன் தோள் லேசாக இறங்கியது. பாவம் என்று முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அவன் கிளம்பும்போது வாசல்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டினான். மாப்பிள்ளை எதிரில் நின்றார். அங்கே நடந்த பேச்சு இங்கிலீஷில்தான், எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

"மத்தியாஸ், என் மூக்கு வந்துவிட்டது. உனக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்."

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக அவன் அப்படியே இருந்துவிட்டான். தெருவில் தண்ணீர் லாரி போனது.

"மூன்று வருடம் மழை இல்லை" என்றான். "கொடி காய்ந்துபோனது. பிடுங்கிவிட்டால் அரசாங்கம் உதவி கொடுக்கும். பிடுங்கிவிட்டேன்."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாம்."

"இந்த பாட்டிலில் இருப்பது?"

"வேறு ஊரிலிருந்து டேங்கரில் வருகிறது. கெட்ட ஒயின் இல்லை. பெயர் எங்களுடையது."

"வினிதா ரோஜா?"

அவன் குனிந்து ஷூ கயிற்றைப் பார்த்தான். "வரிசையோடு டிராக்டர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. போட்டோ பக்கத்து ஊர் சர்ச்சில் எடுத்தது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று."

மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. "மழை இல்லையென்றால் எங்கள் ஊரிலும்தான் பிடுங்குகிறோம். நீ சொல்லியிருந்தால் உன்னோடு சேர்ந்து அழுதிருப்பேன். ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் நீ அதற்குப் பேச மாட்டாய். நீ பேசாவிட்டால் இங்கே யாரும் வாங்க மாட்டார்கள்." பிறகு எழுந்து நின்று, இன்று இரவு மட்டும் பேசிவிடு, நீ எங்கள் குடும்பம் என்றான்.

அவன் கார் தெருமுனை திரும்பியதும் காவேரி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள். "அதுக்குத்தான் போன் பண்றப்பெல்லாம் மொதல்ல மூக்கக் கேட்டானா?"

மாப்பிள்ளை அதுவரை அதை யோசித்திருக்கவில்லை. எனக்கு அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவன் இப்போதுதான் எழுந்துபோன அதே படியில் உட்கார்ந்தார். "ஊரெல்லாஞ் சொன்னனே" என்றார். "கூடப் பொறந்தவங்க கேக்கலை, அவன் கேக்கறான்னு ஊரெல்லாஞ் சொன்னனே மச்சான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. கொடியைப் பிடுங்கினதை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு ஒயினை ஊற்றி விற்றதைக்கூட, ஊர் உலகத்தில் நடக்காததா என்று விட்டுவிடுவேன். ஆனால் ஒரு மனுஷன் இழந்துபோனதை, அக்கறைபோல் விசாரித்து விசாரித்து, இன்னும் வரவில்லையே என்று நிம்மதியடைந்திருக்கிறானே, அதற்குப் பெயர் என்ன? முதலில் கேட்டபோது உண்மையான பாசமாகவும் இருந்திருக்கலாம். தோட்டம் அப்போது இருந்ததே. எந்த அழைப்பில் பாசம் போய் வேவு வந்தது என்று யாருக்கும் தெரியாது. நம்ப வைத்துக் கழுத்தறுக்கிறவன் கத்தி எடுக்கிற நேரத்தைச் சொல்லிவிட்டா எடுக்கிறான்?

"அண்ணா, நீங்க கூடப் போங்க" என்றாள் காவேரி. அதனால் விருந்து மண்டபத்தில், பரிமாறுகிறவர்கள் வந்துபோகும் கதவோரம் நானும் வினிதாவும் நின்றோம். மத்தியாஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோர் கோப்பையிலும் ஊற்றியாயிற்று. மாப்பிள்ளை கறுப்புக் கோட்டோடு எழுந்து நின்றார். மேனேஜர் கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

"வருசா வருசம் நான் அந்த மண்ணுல நடந்திருக்கேன்னு சொல்லுவேன்" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார். "நடந்தது நெசம். ஆனா அந்தக் கொடிங்க இப்ப இல்லை. இது அந்த ஒயின் இல்லை. எனக்கு மூக்கு இல்லாம இருந்தது, அதனால தெரியாம ஊத்திட்டேன். என் பேச்சை நம்பிக் குடிச்சவங்க மன்னிக்கணும். இந்த பாட்டிலுக்கு நான் பொறுப்பு இல்லை."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள், கரண்டி சத்தம் கேட்டது, பக்கத்து மேஜையில் பழைய பேச்சு தொடர்ந்தது. ஹேமந்த் டாக்டர் கோப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பரவாகில்ல உதயா, இதூ சென்னாகே இதெ" என்று சிரித்தார். பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் குடித்து முடித்து இன்னும் கேட்டார்கள். ஊற்றும்போது அவர் கை ஆடவில்லை, அது தொழில்.

யாரோ காதில் இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும், மத்தியாஸ் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான். மறு வாரம் ஓட்டல் அந்த ஒயினைப் பட்டியலிலிருந்து எடுத்தது. விருந்தாளிகள் முன்னால் அப்படிப் பேசியதற்காக மாப்பிள்ளையையும் எடுத்து, காலை டிபன் பகுதியில் போட்டது. வினிதா சாமி அலமாரியிலிருந்து அந்த ரோஜாப் படத்தை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். எங்கே என்று காவேரியும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக்காக அங்கே போயிருந்தேன். மாப்பிள்ளை கூடத்தில் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான்கு நாள் தாடி. காவேரி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு ஓடிவந்து பின்வாசல் படியில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, எதாச்சும் வாசம் வருதுங்களா?"

அவர் பேப்பரை மெதுவாகத் தாழ்த்தினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் தங்கையை அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஆளைக் கதவைப் பாதி திறந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"எதுக்குக் கேக்கற?" என்றார்.

காவேரி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அடுப்புல பால் வச்சிருந்தேனுங்க" என்றாள். "அதான் கேட்டேன்."